ஹத்துசா: காரில் சுற்றினால் இரண்டு நட்சத்திரம், நடந்தால் நாலரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், துருக்கியில் ஹத்துசா என்கிற இந்தப் பழைய நகர இடிபாட்டில் அண்ணாந்து பார்க்கிற மாதிரி கட்டடம் என்று பெரிதாக எதுவும் இல்லை. எபேசஸ் என்கிற இன்னொரு பழைய நகரத்தின் படங்களைப் பார்த்துவிட்டு வரிசையாகத் தூண்கள், நூலக முகப்பு, பின்னால் சூரியன் இறங்குகிற போட்டோ என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் பஸ் காசை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். இங்கே இருப்பது பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குக் கல் அஸ்திவாரம், அதுவும் ஒரு பெரிய மலைச்சரிவு முழுக்கப் பரவிக் கிடக்கிறது, நடுநடுவே புல், பாறை, ஓயாத காற்று. நான் அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு தடவை பார்த்தேன். முதல் நாள் சாயங்காலமே இதை எழுதியிருந்தால் இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன்.

போனது நானும் அத்தானும். அக்காவுக்கு முழங்கால் வலி, அதோடு "கல்லைப் பாக்க நான் எதுக்கு துருக்கி போகணும், இங்க கல்லு இல்லையா" என்று முன்பே சொல்லிவிட்டாள். அத்தான் பொதுப்பணித்துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் சாமி கும்பிட்ட கையோடு மழைத்தண்ணீர் எந்தப் பக்கமாக வெளியே போகிறது என்று பார்க்கப் போய்விடுவார். ஹத்துசாவுக்கு அவரைவிடப் பொருத்தமான துணை கிடைக்காது என்பது போன பிறகுதான் தெரிந்தது.

இடம் தெரியாதவர்களுக்காக: அங்காராவிலிருந்து கிழக்கே சாலை வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர், சோரும் மாகாணத்தில் போவாஸ்கலே என்கிற சிற்றூரை ஒட்டி இருக்கிறது. ஊர்ப்பெயர் பழைய புத்தகங்களில் போவாஸ்கொய் என்று வரும். கி.மு. 17ஆம் நூற்றாண்டிலிருந்து கி.மு. 1200 வாக்கில் காலியாகும் வரை ஹிட்டைட் பேரரசின் தலைநகரம், நடுவில் கொஞ்ச காலம் மட்டும் தலைநகரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். எகிப்தின் இரண்டாம் ராம்செஸோடு காதேஷ் என்கிற இடத்தில் மோதி, பிறகு கி.மு. 1259இல் அதே எகிப்தோடு சமாதான ஒப்பந்தம் போட்டவர்கள் இவர்கள்தான். அந்த ஒப்பந்தத்தின் களிமண் பலகை இங்கேதான் கிடைத்தது, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதன் நகல் ஒன்று நியூயார்க்கில் ஐ.நா. சபைக் கட்டடத்தில் தொங்குகிறது. 1986இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம்.

முதல் நாள் கதை சுருக்கமாக. அங்காராவில் ஒரு வாடகைக் கார் பேசிக்கொண்டு போனோம், காலையில் கிளம்பி இரவு திரும்புவதாக ஏற்பாடு. டிரைவர் நல்ல மனுஷன்தான், வண்டியும் நன்றாகத்தான் ஓட்டினார், ஆனால் அவருக்கு ஹத்துசா என்பது சுமார் 5 கிலோமீட்டர் வட்டச் சாலை, அதில் ஐந்து இடத்தில் நிறுத்தினால் வேலை முடிந்தது. சிங்க வாசல், இறங்கு, போட்டோ, "தமாம்?", ஏறு. சுரங்கம், இறங்கு, போட்டோ, "தமாம்?", ஏறு. துருக்கியில் தமாம் என்றால் சரி என்று அர்த்தம், அந்த ஒரு சொல்லை ஒன்றரை மணி நேரத்தில் ஒரு முப்பது தடவையாவது கேட்டிருப்போம். மேகமூட்டமாக வேறு இருந்தது. யாஸிலிகாயாவில் பாறையில் செதுக்கிய சாமிகள் இருப்பதாகச் சொன்னார்கள், எனக்கு ஈரப் பாறைதான் தெரிந்தது. கீழே இறங்கியதும் அத்தான் என் காதில் "மாப்ள, இவரை அனுப்பிச்சிருவோம், நாம இங்கயே தங்குவோம்" என்றார். திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து முழுக் காசைக் கொடுத்துத்தான் அனுப்பினோம், அந்த நஷ்டம் எங்களோடு போகட்டும், நீங்கள் முதலிலேயே ஒரு ராத்திரி தங்குகிற மாதிரித் திட்டம் போடுங்கள்.

தங்குவதற்கு போவாஸ்கலேயில் விரல்விட்டு எண்ணக்கூடிய சின்ன ஹோட்டல்கள்தான். நாங்கள் தங்கியதில் அறை சுத்தம், சுடுதண்ணீர் உண்டு, வீட்டுக்காரம்மாவே சமையல். பருப்பு சூப், கோதுமை ரவையில் புலாவ் மாதிரி ஒன்று, தயிர், தக்காளி, கூடை நிறைய ரொட்டி. அய்ரான் என்று தருவது நம்ம மோர்தான், உப்பு போட்டது, பெருங்காயமும் கறிவேப்பிலையும் மட்டும் இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் அரிசியை மறந்துவிடுங்கள். சோரும் என்று மாகாணத்துக்கே பெயர் வைத்துவிட்டு, அந்த ஊர் புகழ் பெற்றிருப்பது என்னவோ வறுத்த கொண்டைக்கடலைக்கு. லெப்லெபி என்பார்கள். ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மேலே போனால் கடைகண்ணி கிடையாது.

மறுநாள் காலை நடந்தே கிளம்பினோம். நுழைவாயில் பக்கத்திலேயே ஒரு துண்டு கோட்டைச் சுவர் நிற்கிறது, புத்தம் புதுசாக. முதல் நாள் இதைப் பார்த்து "சினிமா செட்" என்று கிண்டல் பண்ணினேன், அத்தான் மறுநாள்தான் விஷயத்தைச் சொன்னார், அவர் ராத்திரியே போனில் படித்துவிட்டிருந்தார். ஜெர்மன் தொல்லியல் குழு 2003 முதல் 2005 வரை, பழைய முறையிலேயே சுடாத செங்கல் அறுத்து, வைக்கோல் கலந்து, 65 மீட்டர் நீளத்துக்குக் கட்டிப் பார்த்த சோதனை அது. கிட்டத்தட்ட 64,000 செங்கல். உயரம் எவ்வளவு, மேலே பல் பல்லாக எப்படி இருந்தது என்பதற்கு ஹிட்டைட்கள் செய்து வைத்த மண்பானைகளின் விளிம்பில் கோபுர வடிவம் கிடைத்திருக்கிறது, அதைத்தான் மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். இந்தச் சுவரை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் இதற்குப் பிறகு நீங்கள் பார்க்கப்போகும் முழங்கால் உயரக் கல் எல்லாமே இப்படி ஒரு மண்சுவரின் பாதம். மரச்சட்டமும் மண்ணுமாக மேலே இருந்தது கரைந்துபோச்சு, கீழே இருந்த கல் நிற்கிறது. இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் அப்புறம் மலைச்சரிவு முழுக்க வீடும் கோயிலுமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அடுத்து பெரிய கோயில். புயல் கடவுளுக்கும் அரின்னா என்கிற ஊரின் சூரிய தேவிக்கும் கட்டியது என்கிறார்கள். நடுவில் கருவறைகள், சுற்றிலும் வரிசை வரிசையாகச் சேமிப்பு அறைகள், தரையில் பாதி புதைந்த ராட்சத மண் தாழிகள் இன்னும் சிலது அப்படியே இருக்கின்றன, குலுக்கை என்று சொல்வோமே அந்த அளவு. இங்கேதான் அந்தப் பச்சைக் கல்லும் இருக்கிறது. வழவழவென்று ஒரு கனசதுரம், சுற்றி இருக்கிற சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல்லுக்குச் சம்பந்தமே இல்லாமல். எதற்கு வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதனால் ஊர்க்காரர்கள் தொட்டு வேண்டிக்கொள்கிற கல்லாக்கிவிட்டார்கள். அத்தானும் தொட்டார். என்ன வேண்டினார் என்று கேட்டேன், சொல்லவில்லை.

கல் அடுக்கியிருக்கும் விதத்தைத்தான் அவர் விடவே இல்லை. சாந்து கிடையாது. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு வடிவம், ஆனால் பக்கத்துக் கல்லின் மூலைக்குத் தக்கபடி வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். மேல்புறத்தில் வட்ட வட்டமாகத் துளைகள், மேலே வந்த மரச்சட்டத்தை முளை அடித்து இறுக்குவதற்கு. "பாரு, துளை ஓரம் எவ்வளவு சுத்தமா இருக்கு, குழாய் மாதிரி ஏதோ வச்சுத்தான் துளைச்சிருக்கான்" என்று குனிந்து விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார், பின்னால் வந்த ஒரு ஜப்பானியத் தம்பதி அவர் ஏதோ முக்கியமானதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து அவர்களும் குனிந்து பார்த்தார்கள்.

அங்கிருந்து ஏற்றம். சாலை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நல்ல ஏற்றம், மரநிழல் மிகக் குறைவு. சிங்க வாசலில் இரண்டு சிங்கம், வாயைத் திறந்துகொண்டு, ஒன்றின் முகம் அசல், இன்னொன்றின் தலையை பிற்காலத்தில் ஒட்டுப்போட்டுச் சரி செய்திருக்கிறார்கள், கிட்டே போனால் தெரியும். பிடரி மயிர் ஒவ்வொரு இழையாக வெட்டியிருக்கிறார்கள். பரவாயில்லை என்று சொல்லி நகர்ந்தோம், ஏனென்றால் அத்தானுக்கு மனசெல்லாம் யெர்கபியில் இருந்தது.

யெர்கபி என்றால் மண்வாசல். நகரத்தின் தெற்கு முனையில், ஊரிலேயே உயரமான இடத்தில், செயற்கையாக ஒரு கரையை எழுப்பியிருக்கிறார்கள். சுமார் 250 மீட்டர் நீளம், அடியில் 80 மீட்டர் அகலம், வெளிச்சரிவு முழுக்கக் கல் பாவியிருக்கிறது, தூரத்திலிருந்து பார்த்தால் தலை வெட்டிய பிரமிடு. அதன் அடிவயிற்றைக் குடைந்துகொண்டு 71 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்க வழி. வட்ட வளைவு கிடையாது, இரண்டு பக்கமும் பெரிய பெரிய கல்லை உள்பக்கமாகச் சாய்த்துக்கொண்டே போய் உச்சியில் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் இதை இரண்டு நிமிஷத்தில் கடந்தோம். இரண்டாம் நாள் அத்தான் உள்ளே அரைமணி நேரம் நின்றார். "சுரங்கத்தை வெட்டல மாப்ள, முதல்ல இதைக் கட்டி முடிச்சுட்டு அப்புறம்தான் மேல மண்ணைக் கொட்டியிருக்கான், இவ்வளவு பாரத்தை 3,000 வருஷம் தாங்குது" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அதுவே அவரிடமிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு.

வெளியே வந்து கரையின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற படிக்கட்டைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார். கோட்டை என்கிறார்கள், எதிரி ஏறி வருவதற்கு வசதியாகப் படிக்கட்டு கட்டி வைப்பானா எவனாவது? நியாயமான கேள்விதான். இங்கே தோண்டிய ஆய்வாளர்களிலேயே சிலர் இது போருக்குக் கட்டியது இல்லை, சடங்குக்கும் பார்ப்பவனை மலைக்க வைப்பதற்கும் கட்டியது என்றுதான் சொல்கிறார்கள். நம்ம ஊர் ராஜகோபுரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தச் சுரங்கத்தைப் பற்றி இன்னும் ஒன்று. 2022இல் ஒரு துருக்கிப் பேராசிரியர் உள்ளே நடக்கும்போது கல் மேல் செம்பழுப்பு நிறத்தில் ஏதோ எழுத்து மாதிரி இருப்பதைக் கவனித்தார். தேடிப் பார்த்தால் 249 சித்திர எழுத்துகள், சாயத்தால் எழுதியவை. நூறு வருஷத்துக்கும் மேலாக ஆய்வாளர்கள், சுற்றுலாக்காரர்கள், ஆட்டுக்காரர்கள் எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்கள், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. இதைக் கேட்ட பிறகு எங்கள் டிரைவர் மேல் இருந்த கோபம் எனக்குப் பாதி குறைந்துவிட்டது.

மேலே ஸ்பிங்க்ஸ் வாசல். இங்கே கொஞ்சம் ஏமாற்றம், ஏனென்றால் அங்கே நிற்பவற்றில் முக்கியமான இரண்டு நகல்கள். அசல் இரண்டையும் 1917இல் பழுது பார்க்க ஜெர்மனிக்கு அனுப்பினார்கள், ஒன்று 1924இல் திரும்பியது, இன்னொன்று பெர்லினிலேயே தங்கிவிட்டு 2011இல்தான் ஊர் வந்து சேர்ந்தது. இப்போது இரண்டும் போவாஸ்கலேயில் இருக்கிற சின்ன அருங்காட்சியகத்தில் எதிரும் புதிருமாக நிற்கின்றன, தவறாமல் பாருங்கள், கூட்டமே இல்லை. பெண் முகம், சிங்க உடல், இறக்கை. சிதம்பரத்தில் புருஷாமிருகம் பார்த்திருப்பவர்களுக்கு உடனே அது ஞாபகம் வரும், அதற்கும் இதற்கும் உறவு உண்டு என்று சொல்ல வரவில்லை, ஞாபகம் வரும், அவ்வளவுதான்.

ராஜ வாசலிலும் இதே கதைதான். வாசல் ஓரத்தில் கோடரி பிடித்த வீரன் நிற்பது நகல், அசல் அங்காராவில் இருக்கிறது. தோண்டியவர்கள் முதலில் அரசன் என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள், தலைக்கவசத்தில் கொம்பு இருப்பதால் அது கடவுள். அதனால்தான் சொல்கிறேன், முதலில் அங்காராவில் கோட்டைக்குக் கீழே இருக்கும் அனடோலிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் அரைநாள் செலவழியுங்கள், அப்புறம் இங்கே வாருங்கள். நாங்கள் தற்செயலாக அந்த வரிசையில் போனோம், இல்லாவிட்டால் நகக்கண் வரை செதுக்கிய அந்த உருவத்தை இந்த வெறும் வாசலில் பொருத்திப் பார்த்திருக்க முடியாது.

திரும்பி இறங்கும் வழியில் நிஷான்தாஷ் என்று ஒரு பாறை, அதில் 8 மீட்டருக்கும் மேல் நீளத்துக்கு 11 வரிக் கல்வெட்டு, கடைசி அரசன் இரண்டாம் சுப்பிலுலியுமா வெட்டியது. வெயிலும் பனியும் தேய்த்துவிட்டதால் வரி இருப்பது தெரியும், எழுத்து தெரியாது. எதிரே சின்னதாக ஒரு கல் அறை, அதே அரசனுடையது, அதில் எழுத்து ரொம்பத் தெளிவு. அதற்கு எதிர்ப்புறம் குன்றின் மேல் அரண்மனை இருந்த இடம், பூயுக்காலே. பார்ப்பதற்கு வெறும் மொட்டை மேடு, ஆனால் 1906இல் ஹியூகோ விங்க்லர் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து இங்கேயும் பெரிய கோயில் பக்கமுமாகக் கிடைத்த களிமண் பலகைத் துண்டுகள் 30,000 வரை வரும். 1915இல் ஹ்ரோஸ்னி என்கிற செக் அறிஞர் அந்த மொழியைப் படித்தது ஒரு சோற்று வாக்கியத்தை வைத்துத்தான்: இப்போது ரொட்டி தின்பீர்கள், தண்ணீர் குடிப்பீர்கள். தண்ணீருக்கு அவர்கள் சொல் "வாதர்". இங்கிலீஷ் தெரிந்த யாரும் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்பார்கள், அவரும் நின்றார், அதைப் பிடித்துக்கொண்டுதான் இது இந்தோ-ஐரோப்பிய மொழி என்று நிறுவினார்.

நமக்குத் தெரிந்தவர்களும் அந்தப் பலகைகளில் இருக்கிறார்கள். முதலாம் சுப்பிலுலியுமா பக்கத்து நாடான மித்தானியின் இளவரசனோடு கி.மு. 14ஆம் நூற்றாண்டில் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், சாட்சிக்குக் கூப்பிடும் கடவுள் பட்டியலில் மித்ரன், வருணன், இந்திரன், நாசத்யர் (அஸ்வினி தேவர்கள்) பெயர்கள் வருகின்றன. ஹிட்டைட்கள் தங்களுக்கு ஆயிரம் தெய்வங்கள் என்று தாங்களே சொல்லிக்கொண்டவர்கள், அடுத்த ஊர்க்காரன் சாமியையும் சேர்த்து எழுதுவதில் அவர்களுக்குக் கஞ்சத்தனம் கிடையாது.

தண்ணீர் என்றதும் அத்தான் விஷயத்துக்கு வந்தார். ஊருக்குள்ளேயே பெரிய குளங்கள் வெட்டியிருக்கிறார்கள், கசியாமல் இருக்கக் களிமண் பூசி. தானியத்தை நிலத்துக்கடியில் காற்றுப் புகாமல் மூடி வைக்கிற பெரிய பெரிய களஞ்சியங்கள். "இவ்வளவு ஏற்பாடு பண்ணினவன் ஏன் ஊரை விட்டுப் போனான்?" என்று கேட்டார். ஒரே பதில் கிடையாது. 2023இல் வந்த ஓர் ஆய்வு, துருக்கியிலேயே கோர்டியோன் என்கிற பழைய ஊரில் கிடைத்த பழைய மரங்களின் வளையங்களை வைத்து, கி.மு. 1198 முதல் 1196 வரை தொடர்ந்து மூன்று வருஷம் கடும் வறட்சி என்கிறது. ஒரு வருஷம் பொய்த்தால் களஞ்சியம் தாங்கும், இரண்டு வருஷம் இழுத்துப் பிடிக்கலாம். அரசவையே சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது, கட்டடங்கள் எரிந்தது அதற்குப் பிறகு என்கிறார்கள், ஏனென்றால் எரிந்த அறைகளில் பெரும்பாலும் விலையுள்ள பொருள் எதுவும் கிடைக்கவில்லை. அத்தான் வானத்தைப் பார்த்துவிட்டு, "வருணன் சாட்சிக் கையெழுத்து மட்டும்தான் போட்டிருக்கான் போல" என்றார்.

யாஸிலிகாயா இங்கிருந்து ஒரு இரண்டு கிலோமீட்டர். முதல் நாள் ஈரப் பாறை என்று சொன்னேன் அல்லவா, மறுநாள் நல்ல வெயிலில் போனோம், நிழல் சாய்வாக விழுந்ததும் பாறை முழுக்க ஆட்கள் எழுந்து வந்துவிட்டார்கள். திறந்தவெளிக் கோயில், கூரை இல்லை, இயற்கையான பாறைப் பிளவுதான் அறை. இடப்பக்கச் சுவரில் ஆண் தெய்வங்கள், வலப்பக்கம் பெண் தெய்வங்கள், இரண்டு ஊர்வலமும் நடுவில் சந்திக்கின்றன. புயல் கடவுள் தெஷுப் இரண்டு மலைத் தெய்வங்களின் குனிந்த பிடரியில் நிற்கிறார், எதிரே ஹெபாத் தேவி ஒரு சிறுத்தையின் மேல். வாகனம் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்து அறை இன்னும் குறுகல், நெடுங்காலம் மண்ணுக்குள் இருந்ததால் செதுக்கல் கூர்மையாகவே இருக்கிறது. பாதாள தெய்வங்கள் பன்னிரண்டு பேர் வளைந்த வாளோடு ஒரே வரிசையில் ஓடுகிறார்கள், எதிரே ஷர்ருமா என்கிற தெய்வம் நான்காம் துதலியா அரசனைத் தோளில் கைபோட்டு அணைத்துக் கூட்டிப் போகிறது. ஒரு அரசனை அவ்வளவு சின்னப் பிள்ளையாகக் காட்டிய சிற்பம் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மேகமூட்டமான நாளில் மட்டும் இங்கே போகாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

போக்குவரத்து: அங்காராவிலிருந்து சுங்குர்லுவுக்கு பஸ், மூன்று மணி நேரத்துக்குள். அங்கிருந்து போவாஸ்கலே 30 கிலோமீட்டர் போல, வேன் ஓடுகிறது, வார இறுதியில் நம்ப வேண்டாம், டாக்ஸிதான். வழியில் கல்லில் செதுக்கிய குட்டிச் சாமிகளை ஊர்க்காரர்கள் விற்கிறார்கள், விடாமல் கூப்பிடுவார்கள், ஆனால் வேலை மோசமில்லை, நான் பன்னிரண்டு பேர் வரிசையில் மூன்று பேர் மட்டும் உள்ள ஒரு துண்டு வாங்கினேன். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், தொப்பி, பிடிமானமுள்ள செருப்பு அல்லது ஷூ. குளிர்காலத்தில் பனி விழும். ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள், யாஸிலிகாயாவுக்குத் தனியாக ஒன்றரை மணி.

நாலரை கொடுக்கிறேன். அரை நட்சத்திரம் நிழல் இல்லாததற்காகக் குறைத்தேன். அங்காரா திரும்பும் பஸ்ஸில் இதை வாசித்துக் காட்டியபோது அத்தான் லெப்லெபியை மென்றுகொண்டே கேட்டார்: "அவன் கூரையோடதான் கட்டினான். அது எரிஞ்சதுக்கு நீ மார்க்கைக் குறைப்பியா?"